நாலு ரோட்டுக் கோபுரம்

ஜனவரி 12

என் அக்காள் பெற்ற அளவுகோலுக்கு,

இங்கே ஆட்கள், டயர்கள், கோழிகள் அனைவரும் சௌக்கியம். தலைநகரில் நீயும் உன் ஒற்றைத் தலைவலியும் எப்படி?

இப்போது நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். கூடப் பிறந்தும் அவள் என்னை நம்பியதே இல்லை. இந்த உறையைச் சுமந்துவரும் தபால்காரர் பிரித்துப் படித்தாலும் நம்பமாட்டார். ஆனாலும் என் கையிலிருக்கும் டயர் நெம்புகோலின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன், ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். போனில் சொல்லலாம்தான். வீட்டிலிருந்த ஒரே போன் ட்யூப் சோதிக்கும் தொட்டியில் விழுந்து, ஒரு குமிழிகூட விடாமல் உயிரை விட்டது.

விஷயம் இதுதான். நம் நாலு ரோட்டு மின்கம்பத்தில் உங்கள் சாலைத் துறை ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. விபத்துகள் அதிகமாகிவிட்டதால் சந்திப்பை மாற்றி அமைக்கப்போகிறார்களாம். ஊர்வாசிகள் ஏப்ரல் 12க்குள் தங்கள் கருத்தை எழுதி அனுப்பலாமாம். ஊர் எரிமலையாக வெடித்துவிட்டது. பிறந்ததிலிருந்து எங்களிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. எனக்குக் கல்யாணம் நடந்தபோதுகூடக் கேட்கவில்லை.

டீக்கடைக்காரர் வேகத்தடை கேட்கிறார், சரியாகத் தன் பாய்லருக்கு எதிரே. வண்டி குலுங்கினால் ஓட்டுகிறவனுக்குத் தாகம் எடுக்குமாம். மாவு மில்காரர் சிக்னல் கேட்கிறார். அவர் மச்சான் ஊரில் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசியே மச்சான் இவர் உயிரை வாங்குகிறார். தலைமையாசிரியருக்கு மேம்பாலம் வேண்டும். மேலே ரோடு, கீழே ரோடு, இடையில் நூலகம். பஸ் டிரைவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. என் கடைப் பக்கம் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார், கியரைப் போட்டார், போய்விட்டார். கோபுரத்தின் அழகில் வாயடைத்துப் போயிருக்க வேண்டும்.

கோபுரத்தைப் பற்றி உனக்கு இன்னும் சொல்லவில்லையே. ஆறு மாதத்துக்கு முன் பஞ்சர் கடையைப் பழைய பஸ் நிலையத்திலிருந்து நாலு ரோட்டுக்கே மாற்றிவிட்டேன். கடை வாசலில் பழைய லாரி டயர்களை அடுக்கி, வெள்ளையடித்து, உலகின் எட்டாவது அதிசயத்தை நிறுத்தியிருக்கிறேன். அகலத்தில் ஐந்து டயர், உயரத்தில் தொண்ணூற்றாறு. கடலில் போகும் கப்பல்கள் அதைப் பார்த்துத் திசை திருப்பிக்கொள்கின்றன. ஊரில் யார் வழி கேட்டாலும் "கோபுரத்துல திரும்புங்க" என்பதுதான் பதில்.

இப்படிக்கு,
டயர்களின் சக்கரவர்த்தி,
உன் மாமன்.

(அடியில், நீல மையில்:)
கண்ணு, வழக்கம்போல எட்டால் வகுத்துக்கொள். கோபுரம் பன்னிரண்டு டயர் உயரம். நம் ஊரில் கடல் கிடையாது. வேளைக்குச் சாப்பிடு. — அத்தை.


ஜனவரி 25

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் தலைவலியும் நலம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இன்னும் மொபெட்டில்தான் கடைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார்களா?

மாமா, நீங்கள் பார்த்த நோட்டீஸை எழுதியவளே நான்தான். நம் ஊர் என்று எங்கள் அலுவலகப் பெரியவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "கருத்துகளைத் தொகுத்துக் கொடும்மா, முடிவை நான் எடுத்துக்கறேன்" என்றார். அதனால் தயவுசெய்து என் பெயரை எங்கும் சொல்லிப் பெருமை பேசாதீர்கள். சொல்லியிருப்பீர்கள். இனிமேலாவது வேண்டாம்.

இதுவரை நாற்பத்து மூன்று கருத்துகள் வந்திருக்கின்றன. அதில் முப்பத்தொன்று ஒரே கையெழுத்தில், பச்சை மையில். ஒன்றில் மாட்டு வைத்தியர் என்று ஒப்பம் இருக்கிறது. மாட்டு வைத்தியர் காலமாகி நாலு வருஷமாகிறது. முப்பத்தொன்றிலும் கடைசி வரி ஒன்றேதான்: "எதை மாற்றினாலும் கோபுரத்தைத் தொடக்கூடாது."

எங்களிடம் மூன்று வரைபடங்கள் இருக்கின்றன: வேகத்தடை, சிக்னல், ரவுண்டானா. எனக்குப் பிடித்தது ரவுண்டானா. எல்லோரும் மெதுவாக நுழைந்து சுற்றிப் போவார்கள். மோதினாலும் உயிர் போகாது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. எந்த ரோட்டிலிருந்து வந்தாலும் பக்கத்து ரோட்டில் வருகிற வண்டி தூரத்திலேயே கண்ணில் பட வேண்டும். அதற்காகக் கேட்கிறேன்: உங்கள் கோபுரம் எந்த மூலையில் இருக்கிறது?

அன்புடன்,
அளவுகோல்.


பிப்ரவரி 19

என் அக்காள் பெற்ற அளவுகோலுக்கு,

நான் சௌக்கியம். உன் அத்தை அதைவிடச் சௌக்கியம். இதற்கு மேல் ஒரு மனுஷி சௌக்கியமாக இருக்கவே முடியாது. அவள் சௌக்கியத்தைப் பார்த்து டாக்டரே பொறாமைப்பட்டார்.

பதில் தாமதமானதற்குக் காரணம் நான் அல்ல, சரித்திரம். பள்ளிக்கூடத்தில் மாபெரும் கூட்டம் நடந்தது. எட்டாயிரம் பேர். இடம் போதாமல் பாதிப் பேர் கரும்பலகையில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். தலைமையாசிரியர் மேம்பாலத்தை வரைந்து காட்டினார், அதன் மேல் நூலகத்தை வரைந்தார், நூலகத்தில் தன் படத்தையும் மாட்டினார். டீக்கடைக்காரருக்கும் மாவு மில்காரருக்கும் வேகத்தடையா சிக்னலா என்று சண்டை மூண்டது. "உன் பாய்லர் மாதிரி நீயும் வெறும் ஆவிதான்யா" என்றார் மில்காரர். டீக்கடைக்காரர் அழுதேவிட்டார். மறுநாள் அவரிடம் டீ குடித்தவர்கள் உப்புக் கரித்ததாகச் சொன்னார்கள்.

பிறகு நான் எழுந்தேன். மூன்று மணி நேரம் பேசினேன். மின்விசிறிகள் தாமாகச் சுழன்றன. "விபத்துக்கெல்லாம் ஒரே காரணம் வேகம். வெளியூர்க்காரன் வேகம். கண்ணை மூடிக்கொண்டு காரை ஓட்டும் அயோக்கியர்களின் வேகம்" என்று முழங்கினேன். கைதட்டலில் ஓடுகள் பறந்தன. பஸ் டிரைவர் ஏதோ சொல்ல எழுந்தார். என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். என் பேச்சுக்குப் பின் யாரால்தான் பேச முடியும்?

தாளில் இடமில்லாததால் உன் அத்தை இம்முறை எழுதவில்லை.

இப்படிக்கு,
நாவுக்கு நாயகன்,
உன் மாமன்.


பிப்ரவரி 28

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா என்று இம்முறை நிஜமாகவே கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தில் பாதித் தாள் காலியாக இருக்கிறது. அதில் அத்தை ஒரு நாவலே எழுதலாம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அத்தையின் திருத்தம் இல்லாமல் உங்கள் கடிதம் ஒன்றுகூட வந்ததில்லை. எட்டாயிரத்தை நானே எட்டால் வகுத்துப் பார்த்தேன், ஆயிரம் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பேர் உட்கார முடியாது. அத்தை இல்லாமல் எனக்குக் கணக்கே வரவில்லை.

டாக்டர் எதற்கு அத்தையைப் பார்த்தார்?

பஸ் டிரைவரின் கருத்து நேற்றுத் தபாலில் வந்தது. ஒரே வரி. "தென்கிழக்கு மூலையில் என்ன நிற்கிறது என்று வந்து பாருங்கள்." கோபுரம் எந்த மூலையில் என்ற கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அத்தையை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை போதும்.

அன்புடன்,
அளவுகோல்.


மார்ச் 8

என் அக்காள் பெற்ற சந்தேகப் பிராணிக்கு,

எல்லோரும் சௌக்கியம், சௌக்கியம், சௌக்கியம். மூன்று முறை எழுதிவிட்டேன். இனியும் சந்தேகமென்றால் உன் கண்ணைச் சோதித்துக்கொள்.

டாக்டர் கடைக்கு வந்தது பஞ்சர் ஒட்ட. வந்த இடத்தில் உன் அத்தையைப் பார்த்தார். பார்ப்பது குற்றமா? பஸ் டிரைவருக்குப் பித்தம் ஏறிவிட்டது. நாளெல்லாம் எஞ்சின் சூட்டில் உட்கார்ந்தால் யாருக்கும் ஏறும். மூலையைப் பற்றிக் கேட்கிறாய். உலகம் உருண்டை என்று உனக்குப் படிப்பித்தார்களா இல்லையா? உருண்டைக்கு ஏது மூலை?

இங்கே கொக்கு ஒன்று கோபுரத்தின் உச்சியில் நின்று எட்டு மாவட்டங்களை ஒரே நேரத்தில் பார்த்துத் தலைசுற்றி விழுந்தது. வேறு சேதி இல்லை.

இப்படிக்கு,
உன் மாமன்.

(அடியில், நீல மையில்:)
கண்ணே, உன் மாமா சொல்வது அத்தனையும் உண்மை. அவரைப் போன்ற உத்தமர் இந்த உலகில் இல்லை. எதனாலும் வகுக்க வேண்டாம். — அத்தை.


மார்ச் 15

மாமா,

என் அத்தை என்னைக் "கண்ணே" என்று கூப்பிட்டதில்லை, "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். உங்களை உத்தமர் என்று சொன்னதும் இல்லை. "ஆள் மோசமில்லை" என்பதுதான் இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த உச்சபட்சப் பாராட்டு. அது அத்தையின் பேனா, உங்கள் கை.

நேற்று விபத்துப் பதிவேட்டின் நகல் என் மேஜைக்கு வந்தது. அதில் ஆட்களின் பெயர் இருக்காது. பதினான்காவது வரியை அப்படியே எழுதுகிறேன்.

"பிப்ரவரி 3. மதியம் 1.10. நாலு ரோடு, தென்கிழக்கு மூலை. மொபெட், கார். மொபெட் ஓட்டிய பெண், வயது 52, வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. சாலையில் கிடந்தது: நாலடுக்குச் சாப்பாட்டு கேரியர் ஒன்று."

அந்த கேரியரின் மூன்றாவது அடுக்கில் ஒரு நசுங்கல் இருக்கும். ஏழு வயதில் நான் போட்டது.

அத்தை ஏன் எழுதவில்லை என்று புரிந்துவிட்டது. நீங்கள் ஏன் எழுதவில்லை என்றுதான் புரியவில்லை. பதிவேட்டில் "காரணம்" என்ற இடத்தில் "பக்கத்துச் சாலை மறைந்திருந்தது" என்று இருக்கிறது. எது மறைத்தது என்று இல்லை.

எனக்கு ஒரு கடிதம் வேண்டும் மாமா. எதையும் பெருக்காமல். வகுக்கத் தேவையில்லாத ஒரே ஒரு கடிதம்.

அளவுகோல்.


ஏப்ரல் 4

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று வாரமாயிற்று. பதில் இல்லை. அத்தையின் கை எப்படி இருக்கிறதென்று அம்மாவுக்கும் தெரியவில்லை. அவளிடமும் நீங்கள் சௌக்கியம் என்றே எழுதியிருக்கிறீர்கள்.

கருத்துச் சொல்ல இன்னும் எட்டே நாள். பெரியவர் வேகத்தடை போதும் என்ற முடிவில் இருக்கிறார். "பார்வை மறைக்கிற இடத்துல ரவுண்டானா போட்டா அதுவே இன்னொரு ஆபத்தும்மா. அது தனியார் இடம். அவங்களா எடுத்தாத்தான் உண்டு" என்றார். வேகத்தடை அந்த மூலையைத் திறந்துவிடாது. பதினைந்தாவது வரி எழுதப்படும். அதில் யார் வயது இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கோபுரத்தைப் பற்றி நானாக எதுவும் எழுத முடியாது. எழுதவும் மாட்டேன்.

அளவுகோல்.


ஏப்ரல் 9

அளவுகோலுக்கு,

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எனக்கு இப்படி எழுதிப் பழக்கமில்லை.

பிப்ரவரி 3 அன்று உன் அத்தை தெற்கு ரோட்டில் வந்தாள். கடைக்குத் திரும்பும் இடத்தில் கோபுரம் கிழக்கு ரோட்டை மறைத்து நின்றது. வந்த கார் அவளுக்குத் தெரியவில்லை. காருக்கு அவள் தெரியவில்லை. நான் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது.

கார் வேகமாக வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். ஓட்டி வந்தவர் மருந்துக் கம்பெனி விற்பனையாளர், சின்ன வயது. இறங்கிவந்து, "சத்தியமா தெரியலைங்க, அது மறைச்சிருச்சு" என்று கோபுரத்தைக் காட்டினார். நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். கூட்டத்தில் அயோக்கியன் என்று முழங்கினேனே, அது அவரைத்தான். கூட்டத்துக்கு வந்தது அறுபது பேர். நான் பேசியது ஐந்து நிமிஷம்.

உன் அத்தை கோபுரத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தாள். கட்டைப் பிரித்த பிறகு விரல் மடங்கவில்லை, பேனா பிடிக்க வரவில்லை. மொபெட் பக்கமே போகவில்லை. சந்தைக்கு மில்லின் பின்பக்கமாகச் சுற்றிப் போகிறாள். ஐந்து நிமிஷ வழிக்கு முக்கால் மணி நேரம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

உன் கடைசிக் கடிதம் அவள் கையில் கிடைத்தது. நான் ஒளித்துவைத்திருந்த மார்ச் கடிதத்தையும் கேட்டு வாங்கினாள். படித்தாள். நடந்து கடைக்கு வந்தாள். அன்றைக்குப் பிறகு அந்த மூலைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. "கார்ல வந்த பிள்ளை பொய் சொல்லலை. எனக்கும்தான் தெரியலை. என் பேரைப் போட்டு நீங்க எழுதினதுகூடப் போகட்டும். அது மேல பழியப் போட்டீங்களே" என்றாள். பிறகு இடது கையைக் கோபுரத்தில் வைத்து, "பிரிங்க" என்றாள்.

பிரித்துவிட்டேன். ஐந்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் அறுபது டயர். பாதியில் பஸ் வந்தது. டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்து மறுபக்கம் பிடித்தார். ஒன்பது மாதமாக இந்த இடத்தில் கண்டக்டரை இறக்கி எட்டிப் பார்க்கச் சொல்லித்தான் திரும்புகிறாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அதைப் பத்திப் பேசறப்ப உங்க முகத்தைப் பார்த்திருக்கீங்களா? சொல்ல மனசு வரலை" என்றார்.

மருந்துக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். இத்துடன் என் கருத்தையும் வைத்திருக்கிறேன். பச்சை மை முப்பத்தொன்றையும் கிழித்துவிடு. இது ஒன்றுதான் என்னுடையது.

மாமன்.

(உடன் இணைத்த தாள்:)
சாலைத் துறைக்கு. தென்கிழக்கு மூலையில் பார்வையை மறைத்தது என் டயர்கள். எடுத்துவிட்டேன். ரவுண்டானா போடவும். வட்டத்துக்கு இடம் போதாவிட்டால் என் கடையின் முன்பக்கம் பத்தடி எடுத்துக்கொள்ளவும். — பஞ்சர் கடைக்காரர்.


மே 6

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை நலமா? விரல் எந்த அளவுக்கு மடங்குகிறது? சும்மா நலம் என்று எழுதாதீர்கள், அங்குலத்தில் எழுதுங்கள்.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கருத்துகள். கடைசி நாள் கடைசித் தபாலில் உங்களுடையது வந்தது. பெரியவர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்தஞ்சு வருஷமா மக்கள் கருத்துப் படிக்கிறேன். எல்லாரும் அடுத்தவன் என்ன செய்யணும்னுதான் எழுதுவாங்க. இந்த ஆள் தான் என்ன செஞ்சேன்னு எழுதியிருக்கார். யாரும்மா இவர்?" என்றார். என் மாமா என்றேன். "நல்ல அடக்கமான மனுஷன்" என்றார். நான் மேஜைக்கடியில் பென்சிலைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

முடிவு: ரவுண்டானா. முதலில் மூன்று மாதம் தற்காலிகமாகப் போட்டுப் பார்ப்போம்; ஒழுங்காக நடந்தால் கல்லில் கட்டுவோம். தற்காலிக வட்டத்தின் விளிம்புக்குச் சுமார் அறுபது பழைய டயர்கள் தேவை, வெள்ளையடித்தவை. உங்களிடம் கேட்கச் சொன்னார்.

மாமா, அந்த ஒன்பதாம் தேதிக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் அதில் உங்கள் குரலே இல்லை. இனிமேல் தாராளமாகப் புளுகுங்கள். அத்தை இடது கையாலாவது திருத்தட்டும்.

அன்புடன்,
அளவுகோல்.


ஜூன் 14

என் அக்காள் பெற்ற அளவுகோலுக்கு,

சௌக்கியம். உன் அத்தையின் சுட்டுவிரல் உள்ளங்கையைத் தொட இன்னும் ஓர் அங்குலம் பாக்கி. நடுவிரல் தொட்டுவிட்டது. தொட்ட சத்தம் இங்கே இடியாகக் கேட்டது.

என் கோபுரம் விழுந்துவிட்டது என்று எவனாவது சொன்னால் நம்பாதே. அது படுத்துக்கொண்டிருக்கிறது. நாலு ரோட்டின் நட்டநடுவே, பூமிக்கு மோதிரம் போட்டது போல.

திறப்பு நாளன்று நடந்ததைக் கேள். உன் துறை நாலு வாயிலும் பலகை நட்டது: "சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வழி விடவும்." நம் ஊர் மரியாதைக்குப் பேர் போன ஊர். நுழைய வந்தவர்கள் எல்லோரும் நின்று வழி விட்டார்கள். அது சரி. உள்ளே சுற்றிக்கொண்டிருந்தவர்களோ, நமக்காக நாலு பேர் காத்திருக்கிறார்களே என்று கூச்சப்பட்டு, அவர்களும் நின்று, "நீங்க போங்க" என்றார்கள். "ஐயோ, நீங்க முதல்ல." "பரவாயில்லைங்க, எனக்கு அவசரமில்லை." இப்படியே நாலு நாள். ஒரு சக்கரம் நகரவில்லை. வண்டிகளின் மேல் குருவிகள் கூடு கட்டி, முட்டையிட்டு, பொரித்து, குஞ்சுகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தன. டீக்கடைக்காரர் வேகத்தடையை மறந்து ரவுண்டானாவின் பரம பக்தராகிவிட்டார்.

கடைசியில் பஸ் டிரைவர் ஜன்னல் வழியே பாதி உடம்பை நீட்டி, "யாராவது ஒருத்தர் மரியாதை இல்லாமப் போங்கய்யா" என்று கத்தினார். மாவு மில்காரர் போனார். அவர் பின்னால் உலகமே சுற்ற ஆரம்பித்தது. இன்னும் நிற்கவில்லை.

இப்படிக்கு,
படுத்த கோபுரத்தின் பரிபாலகன்,
உன் மாமன்.

(அடியில், கோணல்மாணலாக, பென்சிலில், ஒரே ஒரு சொல்:)
வகு.


நவம்பர் 18

என் அக்காள் பெற்ற அளவுகோலுக்கு, உலகை ஆளும் நாலு ரோட்டிலிருந்து,

இங்கே எல்லோரும் சௌக்கியம். இந்தத் தடவை "எல்லோரும்" என்றால் எல்லோரும்.

கல் ரவுண்டானா நேற்றுத் திறக்கப்பட்டது. ஐந்தரை மாதத்தில் மோதல் ஒன்றுகூட இல்லை என்று உன் பெரியவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். நாற்பதாயிரம் பேர் ஆரவாரித்தார்கள். சத்தத்தில் மேகம் ஒன்று இரண்டாகக் கிழிந்தது. நீ நிகழ்ச்சிக்கு வராமல் அலுவலகத்தில் இருந்துகொண்டாய், சொந்த ஊர் என்று யாரும் பேசிவிடக் கூடாதென்று. அதனால் உன் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை. முந்நூறு பேரிடம் மட்டும்தான் சொன்னேன்.

ரவுண்டானா யாருடைய யோசனை என்று இப்போது சண்டை. தலைமையாசிரியர் மேம்பாலம் என்று தான் சொன்னதன் உட்பொருளே ரவுண்டானாதான் என்கிறார். மாவு மில்காரர் மச்சானை வரவழைத்து, கையைப் பிடித்து ஏழு முறை சுற்றிக் காட்டினார். மச்சான் நேற்றிலிருந்து சிக்னலைப் பற்றிப் பேசவில்லை. மருந்துக்காரரும் வந்தார். கடை வாசலில் காரை நிறுத்தி, "ஸ்டெப்னியில காத்து கம்மியா இருக்கு" என்றார். காற்று சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பிடித்துவிட்டேன். இருவரும் டீ குடித்தோம். என் சாம்ராஜ்யத்தில் பத்தடி போனதென்னவோ நிஜம். இப்போது கல்லாவில் உட்கார்ந்தால் முழங்கால் ரோட்டில் இருக்கிறது. அதனால் என்ன, நாலு ரோடும் தெரிகிறது. கிழக்கே மில்லின் புகைபோக்கி வரை தெரிகிறது.

இனி முக்கியமான சேதி. மதியம் ஒரு மணி. கூட்டம் கலைந்துவிட்டது. தெற்கு ரோட்டில் ஒரு மொபெட் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அந்த எஞ்சினுக்கு இருமல் உண்டு. ஒன்பது மாதம் கொட்டகையில் கிடந்த வண்டி. உன் அத்தை வட்டத்தின் வாயில் நின்றாள். கால் ஊன்றினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். வானத்தில் பறவைகள் நின்றன. ஆறுகள் நின்றன. சூரியன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. டீக்கடைக்காரர் ஊற்றிய டீ பாதி வழியில் அந்தரத்தில் நின்றது.

நுழைந்தாள். கடைப் பக்கம் திரும்புவாள் என்று எழுந்தேன். திரும்பவில்லை. என்னைத் தாண்டிப் போனாள். ஒரு சுற்று. வட்டத்துக்குள் வர வேண்டிய பஸ் டிரைவர் வாயிலிலேயே பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பயணி ஒருவர் ஏன் என்று கேட்டதற்கு, "பலகையைப் படிங்க, சுத்தற வண்டிக்கு வழி விடணும்" என்றாராம். இரண்டு சுற்று. அவள் சேலைத் தலைப்பு பறந்ததில் கிளம்பிய காற்றில் நாலு மாவட்டத்துக்கு மழை பெய்தது. மூன்று சுற்று.

பிறகு வந்து என் முன் நிறுத்தினாள். வலது கையால் கேரியரை எடுத்து நீட்டினாள். "ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள். என் கண்ணில் தூசி. ரவுண்டானாவில் தூசி அதிகம். அதை உன் துறை கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு மொபெட்டுக்கு வழி விட்ட சக்கரவர்த்தி,
உன் மாமன்.

(அடியில், நீல மையில், எழுத்து கொஞ்சம் நடுங்கினாலும் வரி நேராக:)
கண்ணு, இந்தத் தடவை எட்டு போதாது, எண்பதால் வகு. வந்தது ஐந்நூறு பேர். மழை பெய்யவில்லை, சூரியனுக்குக் கால் கிடையாது. மூன்று சுற்றை மட்டும் வகுக்காதே. அது மெய். — அத்தை.